பறவைக் கணக்கும் பஞ்சாயத்தும்

(கடலோரக் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரி வசூல், குடிநீர், சாலை, தெரு விளக்கு ஆகிய விஷயங்களைப் பற்றிக் காலை முதல் கேட்டு வந்திருக்கும் உங்கள் முன்னிலையில், பறவைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் பறவை நூல் வல்லுநன் அல்லன். பள்ளி ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். தை மாதந்தோறும் கடற்கரைச் சேற்றில் நின்று பறவைகளை எண்ணும் பழக்கம் மட்டும் எனக்கு உண்டு.

பல வருஷங்களுக்கு முன் அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே மண்வெட்டியுடன் வந்த குடியானவப் பெரியவர் ஒருவர், "ஏன் ஐயா, எங்கள் வயலில் சம்பாப் பயிர் தண்ணீரில் அழுகுகிறது. அதை எண்ணுவார் இல்லை. நீங்கள் குருவியை எண்ணுகிறீர்களே, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைக் காலம்தான் எனக்குக் கற்பித்தது. அதை இன்று உங்களுக்குச் சொல்லவே வந்திருக்கிறேன்.

விருந்தாளிகள் யார்?

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் காலத்தில் நம் கடலோரத்து உப்பளங்களிலும், கழிமுகங்களிலும், ஏரிகளிலும் புதிய பறவைகள் கூட்டங் கூட்டமாக இறங்கியிருப்பதை நீங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் ஏரி நடுவே மிதக்கின்றன. உள்ளான் வகைகள் சேற்றில் ஓடி ஓடி இரை பொறுக்குகின்றன. பூநாரைகள் உப்பங்கழியில் வரிசையாக நிற்கின்றன. ஆலாக்களும் கடற்காகங்களும் அலையோரத்தில் வட்டமிடுகின்றன.

இவற்றுள் கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பனிவெளியில். அங்கே குளிர் முற்றி நிலமும் நீரும் உறைந்து இரை கிடைக்காமற் போகும்போது, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் மறுபடியும் வடக்கே திரும்புகிறது. வடதுருவப் பகுதியிலிருந்து இந்து மகா சமுத்திரம் வரை நீளும் இப்பாதையை மத்திய ஆசிய வலசைப் பாதை என்கிறார்கள். சுமார் 30 நாடுகள் இப்பாதையில் அமைந்திருக்கின்றன. அத்தனை நாட்டு எல்லைகளைக் கடந்து வரும் பறவைக்கு, வழிநெடுக இறங்கி இளைப்பாறவும் இரை தேடவும் இடம் வேண்டும். அந்த இடங்களில் ஒன்று உங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கலாம். இது சிறு பொறுப்பு அன்று.

நம் கடற்கரையில் இவ்விஷயத்தில் பேர் பெற்ற இடம் கோடியக்கரை. 1967-ம் வருஷம் அது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே நெடுங்காலம் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்து, அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பறவை அறிஞர் சாலிம் அலி அவர்கள் இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தார். 2002-ம் வருஷம் கோடியக்கரையும் வேதாரண்யச் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் அடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ் நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம் பெற்ற முதல் ஈரநிலம் அதுவே. 2025-ம் வருஷம் பிப்ரவரியில் அத்தகைய இடங்களின் எண்ணிக்கை நம் ராஜ்யத்தில் 20 ஆயிற்று.

ராம்சார் என்பது ஈரான் தேசத்தில் உள்ள ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் 1971-ம் வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி அங்கே கையெழுத்தாயிற்று. ஓர் ஈரநிலத்தைச் சர்வதேச முக்கியத்துவம் உடையதென்று ஏற்பதற்கு அவ்வொப்பந்தத்தார் வகுத்துள்ள விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் அவ்விடத்திற்கு வழக்கமாக வர வேண்டும். மற்றொரு விதி, ஏதேனும் ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்காவது அங்கே தங்க வேண்டும் என்கிறது. "நிறையப் பறவைகள் வருகின்றன" என்று சொன்னால் போதாது. எத்தனை என்று கேட்பார்கள். எண்ணியவரே பதில் சொல்ல முடியும்.

தை மாதத்தில் ஏன் எண்ணுகிறோம்?

நீர்ப்பறவைகளைச் சர்வதேச அளவில் ஒரே காலத்தில் எண்ணும் வழக்கம் 1967-ம் வருஷம் தொடங்கிற்று. நம் நாட்டுப் பகுதியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் பெயரால் 1987-ம் வருஷம் முதல் ஜனவரி மாதந்தோறும் அது நடந்து வருகிறது. நம் ராஜ்யத்து வனத்துறையினரும் வருஷந்தோறும் தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு ஒருங்கே கணக்கெடுக்கிறார்கள்.

ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் பறவைகள் வந்தவண்ணம் இருக்கும். இன்று இங்கே கண்ட கூட்டம் நாளை தெற்கே போய்விடும். அப்போது எண்ணினால் ஒரே பறவையை இரண்டு ஊரில் எண்ண நேரும். தை மாதத்தில் அவை குளிர்காலத்திற்கென ஓரிடத்தில் தங்கிவிடுகின்றன. மேலும், மழை ஓய்ந்து நீர் மெல்ல வடியும் அக்காலத்தில் சேற்று விளிம்புகள் வெளிப்படுவதால் பறவைகள் கண்ணுக்கு நன்கு புலப்படுகின்றன.

எண்ணும் முறை

"ஆயிரக்கணக்கில் பறப்பதை எப்படி எண்ணுவது?" என்று கேட்பீர்கள். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் ஓர் உப்பளத் தொழிலாளி. முதல் வருஷம் நான் ஒவ்வொன்றாக எண்ண முயன்று, நூறு எண்ணுவதற்குள் கூட்டம் எழும்பிப் பறந்துவிடத் திகைத்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு பாத்தியில் உள்ளதை மட்டும் எண்ணுங்கள், ஐயா. அதே போல் எத்தனை பாத்தி நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் உப்பைக் கணக்கிடுவது அப்படித்தான்" என்றார். பறவை நூல் வல்லுநர்கள் கைக்கொள்ளும் முறையும் இதுவே. கூட்டத்தின் ஒரு மூலையில் பத்தோ நூறோ எண்ணி, அந்த அளவு கண்ணில் படிந்த பின், அதைக் கொண்டு முழுக் கூட்டத்தையும் அளக்க வேண்டும்.

மற்ற விதிகளும் எளியவையே. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். கடல் ஓதம் உள்ள இடங்களில் நீர் ஏறியிருக்கும் வேளையே நல்லது. சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் மேட்டில் ஒன்று கூடி நிற்கும். ஒருவர் எண்ண, மற்றொருவர் எழுத வேண்டும். இனம் தெரியாததை ஊகித்து எழுதாமல், "இனம் தெரியாத உள்ளான்" என்றே எழுதுக. ஒன்றுமே இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுதுக. அதுவும் ஒரு செய்தியே. எல்லாவற்றிலும் முக்கியமானது, வருஷந்தோறும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நாளில், அதே முறையில் எண்ணுவது. ஒரு வருஷத்துக் கணக்கு வெறும் எண். பத்து வருஷத்துக் கணக்கு ஊரின் சரித்திரம்.

பறவையே அளவுகோல்

ஒவ்வொரு பறவையின் காலும் அலகும் நீரின் ஆழத்தைச் சொல்லும் அளவுகோல் போன்றவை. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் விரல் அகல நீரும் போதும். கணுக்கால் அளவு நீர் நின்றாலே அது வேறிடம் போய்விடும். நெடுங்கால் உள்ளான் சற்று ஆழத்தில் நிற்கும். பூநாரை ஆழமற்ற உப்பு நீரை நாடும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் நீர்ச்செடி மிகுந்த இடத்தை நாடும். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்திற்கும் மீன் உள்ள நீர் வேண்டும். ஆகவே, எந்தப் பறவை குறைந்தது, எது பெருகிற்று என்று பார்த்தால், தண்ணீர் ஆழமாயிற்றா, வற்றிற்றா, உப்பு மிகுந்ததா, பாசியும் செடியும் மூடிற்றா என்பதை உணரலாம்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அங்கே கடலை ஒட்டி ஒரு சதுப்பு உண்டு. மேற்கேயுள்ள வயல்களின் வடிகால் நீர் ஒரு வாய்க்கால் வழியாக அதில் வந்து சேரும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அங்கே நாங்கள் கணக்கு எழுதி வந்தோம். முதல் இரண்டு வருஷமும் சிறு உள்ளான்கள் ஆயிரத்திற்கு மேல் இருந்தன. மூன்றாம் வருஷம் பாதிக்கும் கீழே போயிற்று. நான்காம் வருஷம் அத்தனையும் ஒரு பிள்ளையின் விரல் கணக்கிலேயே அடங்கிவிட்டது. "மழை பொய்த்திருக்கும்" என்றார்கள். மழைக் கணக்கைப் பார்த்தோம், குறைவில்லை. ஆனால் சதுப்போ தை பிறக்குமுன்பே வறண்டு, உப்புப் பூத்துக் கிடந்தது.

மழை பெய்தும் நீர் வரவில்லையென்றால் அது வேறெங்கோ நின்றிருக்க வேண்டுமல்லவா? வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தோம். ஒரு மைல் தூரத்தில், புதிய பாதையொன்றின் கீழிருந்த குழாய்ப் பாலம் மண்ணாலும் சீமைக் கருவேல முள்ளாலும் அடைபட்டிருந்தது. அதற்கு மேற்புறத்தில் தண்ணீர் தேங்கி நிற்க, அதன் நடுவே அழுகிக் கிடந்தது அந்தப் பெரியவரின் சம்பா வயல்! வருஷா வருஷம் அவர் மழையை நொந்துகொண்டிருந்தார். நாங்கள் பறவை வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தோம். இரண்டு குறைக்கும் காரணம் ஒரே அடைப்பு.

ஊரார் கூடி இரண்டு நாளில் அந்த அடைப்பை அகற்றினார்கள். மறு வருஷம் அவர் வயல் தப்பிற்று. பறவைகள் பழையபடி ஆயிரமாகத் திரும்பிவிடவில்லை. உண்மையை மறைப்பதில் பயனில்லை. சில நூறு வந்தன. கெட்டுப்போன சேற்றில் புழு பூச்சிகள் மறுபடி உண்டாகக் காலம் வேண்டும். நான்கு வருஷம் கழித்துக் கண்டதை இரண்டாம் வருஷமே கண்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

கோடியக்கரையிலும், முற்காலத்தில் கண்ட அளவுக்குச் சிறு கரைப்பறவைகள் இப்போது இல்லை என்பது அங்கே நெடுநாள் ஆராய்ந்தவர்களின் முடிவு. நன்னீர் வரத்துக் குறைவதும் உப்பு மிகுவதும் இதற்குக் கூறப்படும் காரணங்களுள் முக்கியமானவை. பாமணியாறு, கோரையாறு ஆகிய காவிரிக் கிளைகள் முத்துப்பேட்டைக் கழியில்தான் கலக்கின்றன. ஆகையால், கடைமடை வரை நீர் வர வேண்டும் என்று குடியானவர் கேட்பதும், சதுப்புக்கு நன்னீர் வேண்டும் என்று பறவை அன்பர் கேட்பதும் வெவ்வேறு கோரிக்கைகள் அல்ல.

மறுப்புகள்

பறவையால் பயிருக்குச் சேதம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நாற்றங்காலில் இரவில் தாராக் கூட்டம் இறங்கினால் விதை மிஞ்சாது. நீலத் தாழைக்கோழி நெற்பயிரைக் கடித்துப் போடுகிறது. இதை மறுப்பவர் வயலில் இறங்கிப் பார்த்தறியாதவர். ஆனால் ஐந்தொகையில் வரவும் செலவும் இரண்டும் எழுத வேண்டும். ஏர் பின்னால் வரும் உண்ணிக்கொக்கு பூச்சிகளைத் தின்கிறது. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. பறவைகளின் எச்சம் நீரில் கலந்து எருவாகிறது.

இதை நன்கு உணர்ந்தவர்கள் வேடந்தாங்கல் கிராமத்தார். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சத்தால் வளம் பெற்ற நீரைத் தம் வயல்களுக்குப் பாய்ச்சிய அக்குடியானவர்கள், பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்து, 1798-ம் வருஷம் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள் என்று அவ்வூர் வரலாறு கூறுகிறது. சட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கிராமம் தன் நன்மையைத் தானே அறிந்திருந்தது.

சேதத்தைத் தடுக்க முறை வைத்துக் காவல் காப்பதும், ஒலியெழுப்பி விரட்டுவதும், பளபளக்கும் நாடா கட்டுவதும் தகும். கண்ணி, வலை, விஷம் கலந்த தானியம் ஆகியவை தகா. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை குற்றம். அதனினும் மேலாக, விஷத்தால் செத்த பறவை சந்தைக்கு வந்தால் அதை வாங்கித் தின்பது நம் பிள்ளைகளே.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியவை

உங்களிடம் நான் கேட்பது பெருந்தொகை அன்று.

முதலாவது, உங்கள் எல்லைக்குள் உள்ள ஏரி, கழி, உப்பளம், சதுப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து ஜனவரி மாதத்தில் எண்ணுங்கள். பள்ளி ஆசிரியர், மாணவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவையின் பெயரை நூலில் தேடுமுன் வலைஞரைக் கேளுங்கள்.

இரண்டாவது, அக்கணக்கைத் துண்டுக் காகிதத்தில் விட்டுவிடாதீர்கள். 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பறவைக் கணக்குக்கு உரிய இடம் அப்பதிவேடே. ஒரு பிரதியை வனத்துறையினருக்கும் அனுப்புங்கள்.

மூன்றாவது, ஜனவரி 26-ம் தேதி குடியரசு தினத்தன்று கிராம சபை கூடுகிறதல்லவா? கணக்கெடுப்பு முடிந்து ஒன்றிரண்டு வாரத்திற்குள் அது வருகிறது. வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது, சென்ற வருஷத்துப் பறவைக் கணக்கையும் இவ்வருஷத்துக் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். குறைந்திருந்தால், "வாய்க்காலைப் பார்த்து வருவது யார்?" என்று அந்தச் சபையிலேயே கேளுங்கள்.

நான்காவது, காலில் வளையமோ வண்ணப் பட்டையோ உள்ள பறவையைக் கண்டால், அதில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் குறித்து அறிவியுங்கள். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். கோழி வளர்ப்போருக்கு இது மிகவும் அவசியம்.

ஐந்தாவது, பயிர்ச் சேதத்தையும் அதே ஏட்டில் எழுதுங்கள். எந்தப் பறவை, எந்த மாதம், எவ்வளவு நிலம் என்று எழுதியிருந்தால்தான் குடியானவர் குறையையும் சர்க்காரிடம் நிலைநாட்ட முடியும். கணக்கு ஒரு கட்சிக்கு மட்டும் சாட்சி அன்று.

கணக்கின் அருமை இப்பகுதியாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யக் கரையைத் தாக்கியபோது தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் கேட்கச் சென்றபோது முதலில் எழுந்த கேள்வி, "எத்தனை மரம் இருந்தது?" என்பதே. இருந்ததை எழுதி வைத்தவருக்குத்தான் இழந்ததைச் சொல்ல முடிகிறது. நிலத்துக்கும் நீருக்கும் பறவைக்கும் அதே நீதிதான். புயல் ஓர் இரவில் செய்வதை, அடைபட்ட வாய்க்கால் பத்து வருஷத்தில் ஓசையில்லாமல் செய்துவிடுகிறது. ஓசையில்லாத நஷ்டத்தை ஏடு ஒன்றுதான் காட்டும்.

வயல் தப்பிய மறு வருஷம் தை மாதத்தில் நாங்கள் கணக்கெடுக்கச் சென்றபோது, அந்தப் பெரியவர் எங்களுக்கு முன்பே கரையில் வந்து நின்றிருந்தார். "என்ன பிரயோஜனம்?" என்று அவர் கேட்கவில்லை. "போன வருஷத்தைவிட எத்தனை கூட?" என்று கேட்டார். அவர் கையிலேயே பென்சிலையும் ஏட்டையும் கொடுத்தேன். அன்று முதல் அச்சதுப்பின் கணக்கை எழுதி வருபவர் அவரே.

உங்கள் ஊரிலும் வருகிற ஜனவரியில் ஓர் ஏடு திறக்கப்படட்டும். முதற் பக்கத்தில் எண் சிறியதாயிருந்தாலும் தாழ்வில்லை. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் தவறாமல் எழுதப்பட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.